மேட்டுக் கிணறும் பள்ளத்துக் கிணறும்

முதல் தடவை போனபோது அந்த அக்கா எனக்குத் தண்ணீர் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். குடிக்கக் கேட்கவில்லை, பரிசோதனைக்குத்தான் கேட்டேன். மாட்டுக் கொட்டகையில் சாணி வழித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வருசா வருசம் யாராச்சும் பாட்டலோட வாரீங்க. புடிச்சுட்டுப் போறீங்க. போனவங்க போனவங்கதான். இந்தத் தண்ணி நல்லதா கெட்டதான்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் திரும்பி வந்து சொன்னதில்லை. நீங்க வேற கெணறு பாத்துக்குங்க."

நான் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். படித்தது வேதியியல். சொந்த ஊர் கிணத்துக்கடவு. தினமும் பஸ்ஸில் போய்வருவேன். ஃபில்டர் விற்பவர்கள், அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்கள், சாயப் பட்டறைகள், ஓட்டல்கள் என்று பலரும் எங்களிடம் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் பக்கத்துச் சிறு நகரம் ஒன்றின் குப்பைக் கிடங்கைச் சுற்றியுள்ள தண்ணீரை மாதாமாதம் சோதித்துச் சொல்லும் வேலை எங்கள் லேபுக்கு வந்தது. களத்துக்குப் போகும் பொறுப்பு எனக்கு. எந்த ஊர் என்று நான் எழுதப் போவதில்லை. அங்கே இருப்பவர்களே அப்படிக் கேட்டுக்கொண்டார்கள். ஊர்ப் பெயர் வெளியில் அடிபட்டால் பால் வாங்க ஆள் வருவதில்லை, பெண் கேட்டும் வருவதில்லை என்பது அவர்கள் அனுபவம்.

அந்த இடம் மேற்கிலிருந்து கிழக்காகச் சரியும் நிலம். மேற்கே மேட்டில் ஒரு தென்னந்தோப்பு. நடுவில் குப்பை மலை. அதற்குக் கீழே பள்ளத்தில் சில வீடுகள், அதற்கும் கீழே ஒரு குளம். நிலத்துக்கு மேலே தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவதுபோலவே நிலத்துக்கு அடியிலும் பாறை இடுக்குகள் வழியாக மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். தோப்புக் கிணற்றில் இருப்பது குப்பையைத் தொடாத தண்ணீர். பள்ளத்துக் கிணற்றில் இருப்பது குப்பைக்கு அடியால் வந்த தண்ணீர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் குப்பை என்ன செய்திருக்கிறது என்று சொல்ல முடியும். பள்ளத்தில் மிச்சமிருந்த திறந்த கிணறு அந்த அக்காவுடையது மட்டும்தான். மற்றவற்றை மூடிவிட்டார்கள்.

எங்கள் லேப் வேன் ஓட்டும் அண்ணன் என் காதருகே வந்து, "வாங்க அம்மணி, போலாம். அவங்களுக்கு ரோசனை இல்லைன்னா நாம என்ன பண்றது?" என்றார். அவருக்கு அந்த நாற்றத்தில் நிற்கவே பிடிக்கவில்லை. எனக்கும்தான். ஆனால் வேறு கிணறு இல்லையே.

நான் கொட்டகை ஓரமாகப் போய் நின்றேன். "ஏனுங்க்கா, ரிசல்ட் வந்ததும் நானே வந்து உங்ககிட்டச் சொன்னாத் தருவீங்களா?"

"எளுதிக் குடுப்பீங்களா?"

அதற்கு எனக்கு அதிகாரம் இல்லை. முடிவுகளை வேலை கொடுத்த நகராட்சிக்குத்தான் அனுப்ப வேண்டும். "எங்க மேடத்துகிட்டக் கேட்டுப் பாக்கறேனுங்க. முடியும்னு இப்பவே சொல்லத் தெரியலீங்க" என்றேன்.

அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. கணவர் இல்லை. மகன் டெம்போ ஓட்டுகிறார். மாடுகளும் மருமகளும்தான் பகலில் துணை. "குடுக்கறேன்னு ஒரே அடியாச் சொல்லியிருந்தீங்கன்னா தந்திருக்க மாட்டேன். அப்படிச் சொன்னவங்க நெறையப் பேரு வந்துட்டுப் போயாச்சு. வாங்க, புடிச்சுக்குங்க" என்று கிணற்றுப் பக்கம் நடந்தார்.

கிணற்றில் தண்ணீர் பார்வைக்குத் தெளிவாகத்தான் இருந்தது. கயிற்றில் கட்டிய பாத்திரத்தை இறக்கி, அந்தத் தண்ணீராலேயே பாட்டில்களை அலசிக் கொட்டி, பிறகு நிரப்பினேன். கையோடு கொண்டுபோன மீட்டரை விட்டுப் பார்த்தபோது உப்பு எகிறி நின்றது. காலையில் தோப்புக் கிணற்றில் பார்த்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.  பாட்டில்களை ஐஸ் பெட்டிக்குள் அடுக்கினேன்.

லேபில் முழுச் சோதனையும் முடிந்தபோது சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது. குளோரைடு, அம்மோனியா, நைட்ரேட் எல்லாமே கூடுதல். தோப்புக் கிணற்றில் அம்மோனியா இல்லவே இல்லை. எங்கள் லேப் மேடம் கண்டிப்பானவர். ஒரு எண்ணைப் பார்த்தால் இன்னொரு முறை செய் என்பார். மறுபடியும் செய்தேன், அதேதான் வந்தது. அப்போதுதான் அந்த அக்காவிடம் சொன்ன வார்த்தையை அவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"கெணறு அவங்களது, தண்ணி அவங்களது. அதைப் பத்தி அவங்ககிட்டச் சொல்றதுக்கு நாம பயப்படணுமா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வதுபோலக் கேட்டார். பிறகு, "ஆனா கேக்காமச் செய்யக் கூடாது" என்று சொல்லிவிட்டு, என் முன்னாலேயே அந்த நகராட்சிப் பொறியாளருக்குப் போன் செய்தார்.  பொறியாளர், அவரவர் கிணற்றின் முடிவை அவரவரிடம் சொல்லுவதில் தனக்கு மறுப்பில்லை என்றார். அதை எழுத்தில் அனுப்பவும் செய்தார். அனுப்பாமலே இருந்திருக்கலாம், யாரும் அவரைக் கேட்டிருக்கப் போவதில்லை. அவரை நான் நேரில் பார்த்தது குறைவு. பார்க்கும்போதெல்லாம் அந்த நாள் நினைவுக்கு வரும்.

சொல்வது எப்படி என்பதுதான் பிறகு எனக்குப் பெரிய வேலையாக இருந்தது. வேனில் போகும்போது அண்ணனிடம் ஒத்திகை பார்த்தேன். "மில்லிகிராம், லிட்டர்னெல்லாம் சொன்னீங்கன்னா எனக்கே தூக்கம் வருதுங்க. குடிக்கலாமா, மாட்டுக்குக் காட்டலாமா, தண்ணி வாத்துக்கலாமா, அதைச் சொல்லுங்க" என்றார். தண்ணி வாத்துக்கிறது என்றால் எங்கள் பக்கம் குளிப்பது. அவர் சொன்னபடியே சொன்னேன்.

அக்கா வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். மருமகள் கதவோரம் நின்றாள். அப்போதுதான் கவனித்தேன், அவளுக்கு மாதம் ஐந்தோ ஆறோ இருக்கும்.

"குடிக்க வேண்டாமுங்க. சமைக்கவும் வேண்டாம். காய்ச்சினாப் போயிரும்னு நெனைக்காதீங்க, இது காய்ச்சினாப் போறதில்லை. காய்ச்சக் காய்ச்சக் கூடத்தான் ஆகும்."

"குடிக்கறது கேன் தண்ணிதானுங்க கண்ணு" என்றார் அக்கா. "கேன் தீந்துபோச்சுன்னா மட்டும் சோத்துக்கு இதை ஊத்தறது."

"மாட்டுக்கு?"

"மாட்டுக்கு இதேதான். வேற எங்கீங்க போறது?"

மருமகள் மெதுவாகக் கேட்டாள். "நான் குடிச்சிருக்கறனுங்க. போன மாசம் கேன்காரன் வராதப்ப. கொழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?"

எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னேன். எப்போதாவது குடித்ததற்காகப் பதற வேண்டாம், ஆஸ்பத்திரியில் அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் இதைக் கட்டாயம் சொல், பிள்ளை பிறந்த பிறகு பவுடர்ப் பால் கரைக்கிற நிலை வந்தால் இந்தத் தண்ணீர் கூடவே கூடாது என்றேன். தலையாட்டினாள். முகத்தில் கலக்கம் போகவில்லை. நான் நல்ல செய்தி எதுவும் கொண்டுபோகவில்லை. ஆனாலும் கிளம்பும்போது அக்கா வேன் வரைக்கும் வந்தார். "கெட்டுப் போச்சுன்னு எங்களுக்கும் தெரியும். துணியில மஞ்சள் ஏறுது, சோறு ஒரு மாதிரி ஆகுது. ஆனா வாயால சொல்ல ஒருத்தரும் இல்லாம இருந்துச்சு பாருங்க, அதுதான் வெசனம். நீங்க வந்து சொன்னீங்க. போதும்."

எனக்கு அது போதவில்லை. சொல்லிவிட்டு வந்ததோடு முடிந்ததா என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்தேன். லேபில் இருந்து நாங்கள் அனுப்பிய அறிக்கை அதன் பாதையில் மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருந்தது. அது தவறென்று சொல்லவில்லை. அறிக்கையால் சோறு வடிக்க முடியாது, அவ்வளவுதான்.

அடுத்த மாதம் தோப்புக்குப் போனபோது தோட்டக்காரர், அதாவது தோப்பின் சொந்தக்காரர், எங்களுக்காகக் காத்திருந்தார். எழுபது வயதுக்காரர், வீட்டுக்குள் மனைவியோடு தெலுங்கு பேசுவார், வெளியே எங்களைப் போல. எப்போதும் மோட்டாரைப் போட்டுக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் புதுத் தண்ணீர் வந்த பிறகுதான் எங்களைப் பிடிக்கச் சொல்வார். குழாயில் தேங்கிய பழைய தண்ணீரைப் பிடித்தால் கணக்குத் தப்பும் என்று நான் ஒரு தடவை சொன்னதை அப்படியே வைத்துக்கொண்டார்.

"என்ற தோப்புத் தண்ணி எப்படீங்க அம்மணி?"

"நல்லா இருக்குதுங்க."

"கீழ ஊட்டுத் தண்ணி?"

"அது அவங்ககிட்டத்தான் கேக்கோணுமுங்க. நான் சொல்லக் கூடாது."

அவர் மோட்டார் ரூம் கதவைச் சாத்தினார். "நான் எப்படிப் போயிக் கேக்கறது?" என்றார்.  ஏன் அப்படிக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அந்த அக்காவின் மாமியார், மாமனார் எல்லோரும் அந்தத் தோப்பில் பண்ணைய வேலைக்கு இருந்தவர்கள். அவர்கள் சாதிக்கு அந்தக் கிணற்றில் இறங்க அனுமதி இருந்ததில்லை. இதை யாரும் எனக்கு உட்காரவைத்துச் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தில் பிறந்தவளுக்குச் சொல்லத் தேவையும் இல்லை.

நாங்கள் வேனை எடுத்துக்கொண்டு கீழே போனோம். அக்கா வீட்டுக் கிணற்றில் நான் கயிறு இறக்கிக்கொண்டிருந்தபோது வேன் அண்ணன், "அம்மணி, அங்க பாருங்க" என்றார். குப்பை மேட்டைச் சுற்றி வரும் மண் பாதையில் தோட்டக்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நடந்து வந்துகொண்டிருந்தார். வந்து வேலிப் படலுக்கு வெளியே நின்றார். அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். படலைத் திறக்கவில்லை.

"என்ற கெணத்துத் தண்ணி நல்லா இருக்குதுன்னு இந்த அம்மணி சொல்லுது" என்று ஆரம்பித்தார் அவர். "உங்களுது எப்படின்னு கேட்டதுக்குச் சொல்ல மாட்டேன்னுருச்சு. சொல்லாததுலயே தெரிஞ்சுபோச்சு. ஒரு குழாய் போட்டுக்கலாமுங்க. காலைலயும் பொழுதோடயும் மோட்டார் ஓடுது."

 நான் கயிற்றைப் பிடித்தபடியே நின்றேன். இழுக்கவும் தோன்றவில்லை.

"எங்க மாமியா அந்தக் கெணத்துல ஒருநாளும் எறங்கினதில்லைங்க" என்றார் அக்கா. குரல் உயரவில்லை. "மேல நின்னு ஊத்துவாங்களாம். கையேந்திக் குடிச்சிருக்காங்க. சாகற வரைக்கும் சொல்லிட்டுத்தான் இருந்தாங்க."

"தெரியுமுங்க."

"தெரியுமுங்களா?"

"எங்கய்யன் ஊத்தச் சொல்லுவாரு. ஊத்தினதுல நானும் ஒருத்தன். அது சரியில்லீங்க. அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சிருக்கோணும்."

அப்போது எனக்கு அங்கிருந்து போய்விட வேண்டும் போலவும் இருந்தது, போகவே கூடாது போலவும் இருந்தது. அக்கா கிணற்றைப் பார்த்தார், கொட்டகையைப் பார்த்தார், கதவோரம் வந்து நின்ற மருமகளைப் பார்த்தார்.

"குழாய் நாங்க வாங்கிப் போட்டுக்கறோமுங்க. கரண்டுலயும் எங்க பங்கு இருக்கோணும். தானமா வேண்டாம்."

"உங்க ரோசனைப்படியே ஆகட்டும்."

"அப்பன்னா உள்ள வாங்க" என்று படலைத் திறந்தார். "காப்பி குடிச்சுட்டுப் போங்க. பயப்படாதீங்க, கேன் தண்ணியிலதான் வெக்கறேன்."

தோட்டக்காரர் சிரித்துவிட்டார். உள்ளே வந்து, எனக்குப் போட்டிருந்த நாற்காலியை வேண்டாம் என்று கட்டிலில் உட்கார்ந்து, காப்பியைக் குடித்தார். எங்கள் எல்லோருக்கும் கிடைத்தது. நாற்றம், ஈ, பக்கத்தில் குப்பை லாரி பின்னால் போகும் சத்தம் எல்லாவற்றுக்கும் நடுவில் நாங்கள் மாட்டுத் தீவன விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு காப்பி குடித்தோம். பழையதைப் பற்றி மறுபடி யாரும் பேசவில்லை. ஒரு காப்பியில் எல்லாம் தீர்ந்துபோனதாக நான் நினைக்கவில்லை, அக்காவும் நினைத்திருக்க மாட்டார். ஆனால் அடுத்த மாதம் நான் போனபோது தோப்பிலிருந்து வேலியோரமாகவே ஒரு கறுப்புக் குழாய் இறங்கி வந்திருந்தது. அக்கா வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி, பக்கத்தில் இரண்டு டிரம். மகனும் தோட்டக்காரர் வீட்டு ஆட்களும் சேர்ந்து பதித்ததாக மருமகள் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரர்களும் குடத்தோடு வந்து பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தண்ணீரை நான் அங்கேயே தொட்டியிலிருந்து பிடித்துச் சோதித்தேன். நன்றாக இருந்தது. அதைச் சொன்ன நாள் எனக்கு அந்த வேலையிலேயே மிகவும் பிடித்த நாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மழைக்காலத்தில் எங்களுக்குக் கூடுதல் வேலை. குப்பைக்குள் இறங்கிய மழை கறுப்புத் தண்ணீராக அடியில் வடிந்து, பக்கத்து ஓடையில் சேர்ந்து குளத்துக்குப் போகும். லேபில் அதை லீச்சேட் என்போம். ஊரில் குப்பைத் தண்ணி என்பார்கள். ஓடையிலும் குளத்திலும் மாதிரி எடுக்காவிட்டால் அந்தப் பருவத்தின் கணக்கே கிடைக்காது. அன்றைக்கு மழை தூறிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கவசம் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை என்று நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டிருந்தேன். நீளக் கைப்பிடி வைத்த குவளையை ஓடைக்குள் நீட்டினேன். நின்றிருந்த கரை அப்படியே வழுக்கி இறங்கியது. நான் முகம் குப்புற விழுந்தேன்.

ஓடை ஆழமில்லை. ஆனால் கண், மூக்கு, வாய் எல்லாவற்றிலும் அந்தத் தண்ணீர். கண் பற்றி எரிந்தது. திறக்க முடியவில்லை. யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். வேன் அண்ணன்தான். "அம்மணி, ஆஸ்பத்திரி போயர்லாம், வாங்க, வாங்க" என்று பதறினார். லேபில் பல தடவை படித்த பாடம், கண்ணில் பட்டால் முதலில் நிறையக் கழுவு என்பது. எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. அலறிக்கொண்டிருந்தேன்.

"அவளை இக்கட்டால கூட்டியாங்க! மொதல்ல கழுவோணும், அப்புறம் ஆஸ்பத்திரி!" அக்காவின் குரல்.

என்னைக் கட்டிலில் படுக்கவைத்துத் தலையைப் பக்கவாட்டில் சாய்த்தார்கள். மருமகள் ஒரு கையால் என் இமையை விரித்துப் பிடித்தாள். வயிற்றோடு குனிவது அவளுக்கு அப்போது எவ்வளவு சிரமமாக இருந்திருக்கும். அக்கா சொம்பு சொம்பாக ஊற்றினார். குளிர்ந்த, நல்ல தண்ணீர். ஊற்ற ஊற்றத்தான் எனக்குப் பாடம் நினைவுக்கு வந்தது. "நிறுத்தாதீங்க்கா, ஊத்திட்டே இருங்க" என்றேன்.

"நிறுத்தலை கண்ணு. நீ கண்ணைத் தெற."

டிரம் இரண்டும் காலியானது. காலையில் பிடித்துவைத்த, அன்றைக்கு முழுவதும் அந்த வீட்டுக்கும் மாட்டுக்கும் வேண்டிய தண்ணீர் அது. "மேல போனப் போடுங்க, மோட்டாரப் போடச் சொல்லுங்க" என்று அக்கா கத்தினார். வேன் அண்ணன் தோட்டக்காரருக்குப் போன் செய்தார். குழாய் முதலில் காற்றாகச் சீறியது, பிறகு தண்ணீர் வந்தது. அதையும் என் முகத்தில் மெல்ல விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இன்னொரு குரல் கேட்டது. "கண்ணுல பட்டுருச்சுங்களா? சாமி! தண்ணி போதுங்களா? இன்னும் ஓடட்டுமுங்களா?" மோட்டாரைப் போட்டுவிட்டுத் தோட்டக்காரர் மழையில் ஓடி வந்திருந்தார்.

எரிச்சல் தணிந்து கண்ணைத் திறந்தபோது எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. மருமகளின் முகம்தான் முதலில் தெரிந்தது. அவள் அழுதுகொண்டிருந்தாள். அக்கா என் உடையை மாற்றி அவருடைய சேலை ஒன்றைச் சுற்றிவிட்டார். என் தலையில் இருந்த கறுப்புச் சேற்றைச் சீயக்காய் போட்டுக் கழுவினார். அந்த நாற்றத்தோடு என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பக் கூடாது என்பது அவர் எண்ணம். "பொண்ணுப் புள்ளை இப்படியா போவா?" என்றார்.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்தார். கருவிழியில் லேசான புண் இருப்பதாகவும் மருந்தில் ஆறிவிடும் என்றும் சொன்னார். "உடனே கழுவினது யாரு? ரொம்ப நேரம் கழுவியிருக்காங்க. அதனாலதான் இத்தோட போச்சு" என்றார்.  வேன் அண்ணன்தான் சொன்னார், "அந்த ஊருக்காரங்கங்க."

சில நாட்கள் கறுப்புக் கண்ணாடியோடு வீட்டில் கிடந்தேன். அம்மா என் பக்கத்திலேயே உட்கார்ந்து சொட்டு மருந்து போட்டார். இந்த வேலையே வேண்டாம் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு. "அவங்க ஊட்டுக்கு நான் வாரேன். கூட்டிட்டுப் போ."

கண் சரியான பிறகு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வேனில் போனேன். துவைத்து இஸ்திரி போட்ட அக்காவின் சேலை, பூ, பழம் எல்லாம் தட்டில் வைத்து அம்மா நீட்டினார். அக்கா பழத்தை எடுத்துக்கொண்டார், சேலையைத் தொடவில்லை.

"சீலையை எதுக்குத் திருப்பிக் கொண்டாந்தீங்க? கட்டிக்கட்டும்னுதான் குடுத்தேன்."

"உங்க கை தண்ணி ஊத்தலைன்னா என்ற புள்ளை கண்ணு..." அம்மா என் முகத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"அட, விடுங்க அம்மணி" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார் அக்கா. "தண்ணி மேல இருந்து வந்துச்சு. நான் ஊத்தினேன். அந்தத் தண்ணியும் உங்க புள்ளை வந்து பேசினதாலதானே வந்துச்சு? ஆரு ஆருக்குச் செஞ்சதுன்னு கணக்குப் பாத்தா எங்க முடியும்?"

அம்மா திரும்பி வரும்போது தோப்பிலும் இறங்கித் தோட்டக்காரருக்கும் அவர் மனைவிக்கும் கும்பிட்டுவிட்டு வந்தார். சேலை என்னிடம்தான் இருக்கிறது. கருநீலத்தில் சிறு பூப் போட்டது. நோம்பி, பண்டிகை நாட்களில் கட்டிக்கொள்கிறேன்.

அந்த விபத்துக்குப் பிறகு லேபில் சில விதிகள் மாறின. மழையில் ஓடைக்கரைக்கு யாரும் தனியாக இறங்குவதில்லை. கண் கழுவும் பாட்டில்கள் வேனில் எப்போதும் உண்டு. கவசத்தை ஏற்றிவிட்டதற்காக மேடம் என்னைத் திட்டித் தீர்த்தார். பிறகு உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். இருபது வருடமாக இந்த லேபை நடத்தும் மனுஷி, நான் பார்த்து அப்படிக் கலங்கியதில்லை.

மருமகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். குழந்தைக்கு முதல் நாள் தண்ணீர் வார்த்தது மேட்டுக் கிணற்றுத் தண்ணீரில் என்று அக்கா சொன்னார். தோட்டக்காரர் மனைவி ஒரு வெள்ளிக் கொலுசு கொடுத்துவிட்டுப் போனாராம். நான் போகும் நாட்களில் அந்தக் குழந்தை என் மடியில் உட்கார்ந்து பாட்டில் மூடிகளைக் கடிக்கப் பார்க்கும். சுத்தமான மூடி ஒன்றை அவளுக்கென்று தனியாகக் கொண்டுபோவேன்.

குப்பை மலையும் முன்போல இல்லை. எங்கள் அறிக்கைகளும் மற்றவர்களின் புகார்களும் சேர்ந்து ஒருவழியாக நகர்ந்தன. பெரிய சல்லடை இயந்திரம் வந்து பழைய குப்பையைப் பிரித்து எடுத்துப் போகிறது. ஓடைக்கும் குப்பைக்கும் நடுவில் ஒரு சுவர் எழும்பியிருக்கிறது. பள்ளத்து வீடுகளுக்குக் குடிநீர்க் குழாய் வந்துவிட்டது. அதற்காக அந்தக் கறுப்புக் குழாயை யாரும் பிடுங்கவில்லை. மாட்டுக்கும் துணிக்கும் அதுதான்.

பள்ளத்துக் கிணற்றில் அம்மோனியா கொஞ்சம் இறங்கியிருப்பதைப் பார்த்து நான் துள்ளிக் குதித்தேன். மேடம் உட்காரச் சொன்னார். நல்ல மழை பெய்தால் எந்தக் கெட்ட தண்ணீரும் கொஞ்சம் நீர்க்கும், ஒரு கோடை தாண்டட்டும் என்றார். கோடையில் சற்று ஏறியது, ஆனால் பழைய அளவுக்கு ஏறவில்லை. அடுத்த மழைக்கு இன்னும் கொஞ்சம் இறங்கியது. பூமிக்கு அடியில் எல்லாமே மெதுவாகத்தான் நடக்கும். கெட்டதும் அப்படித்தான் ஆனது. அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாம் என்று சொல்லும் நாளில் நான் இந்த வேலையில் இருப்பேனா என்று தெரியாது. யார் இருந்தாலும் அதை அக்காவிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று லேபில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

போன மாதம் நாங்கள் போய் இறங்கியபோது அக்கா வீட்டு வாசலில் ஒரு கூட்டம். பக்கத்து ஊர்ப் பெண்கள் சிலர், இரண்டு பெரியவர்கள், ஸ்கூட்டியில் வந்த ஒரு காலேஜ் பெண். எல்லார் கையிலும் தண்ணீர். குளிர்பானப் பாட்டில், எண்ணெய்க் கேன், சாஸ் பாட்டில், ஒரு பெரியவர் கையில் பிராந்தி பாட்டில்கூட இருந்தது.

"நீங்க வாரீங்கன்னு நான்தான் சொன்னேன்" என்றார் அக்கா. "அவங்க ஊட்டுப் போர்த் தண்ணியும் பாத்துச் சொல்லோணுமாம்."

இப்படிக் கண்ட பாட்டிலில் கொண்டுவந்தால் சோதனை சரியாக வராது என்று நான் விளக்க ஆரம்பித்தேன். சாஸ் பாட்டில் பெண், "நல்லாக் கழுவித்தானுங்க கொண்டாந்தேன்" என்றார். பிராந்தி பாட்டில் பெரியவர், "நானும் கழுவிட்டேனுங்க" என்றார். வேன் அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு வேனுக்குப் பின்னால் போய்விட்டார்.

மேடத்துக்குப் போன் செய்தேன். முறைப்படி என்னென்ன செய்யக் கூடாதோ அத்தனையும் நடந்திருக்கிறது என்று நீளமாகச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில், "சரி, சுத்தமான பாட்டில் மிச்சம் எத்தனை வெச்சிருக்கே?" என்றார். பெட்டியைத் திறந்து பார்த்தேன். இருந்தது. ஒவ்வொருவர் வீடாகப் போய் அவர்கள் மோட்டாரைப் போட்டு, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, நாங்களே பிடித்துக்கொள்வது என்று முடிவானது. ஸ்கூட்டிப் பெண் வழிகாட்டியபடி முன்னால் போனாள், எங்கள் வேன் பின்னால் போனது.